சுயசான்று முறையில் வீடு கட்டும் அனுமதி: அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை

வீடு கட்ட அனுமதி பெறுவதில் கிராமவாசிகள் அடைந்துவந்த அலைச்சல் சங்க அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. அதனைக் குறைக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசாங்கம் சில ஆண்டுகளுக்குள் விதிகளை இருமுறை முக்கியமாய் மாற்றியிருக்கிறது. அம்மாற்றத்தால் விளையும் சௌகரியத்தைப் பலர் அறிவர். அதனுடன் வந்து சேரும் பொறுப்பை அறிந்தவர் சிலரே. ஆதலின் பவானி வட்டாரத்து அங்கத்தினர்களின் உபயோகத்திற்காக அவ்விரண்டும் இங்கே விளக்கப்படுகின்றன.

முன்னாளில் நகராட்சிக்கு ஒரு விதியும், கிராம ஊராட்சிக்கு 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளுமாகத் தனித்தனியே வழங்கிவந்தன. 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ஆம் தேதி வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவற்றை ஒன்றாக்கின. மனையைச் சுற்றி விடவேண்டிய இடம், முன்னுள்ள பாதையின் அகலம், கட்டடத்தின் உயரம், மழைநீர் சேகரிப்பு ஆகியவை யாவும் இவ்விதிகளில் அடங்கியுள்ளன.

இரண்டாவது மாற்றம் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சுயசான்று முறையாகும். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட குடியிருப்பு வீடு கட்டுவோர் இதன்படி விண்ணப்பிக்கலாம். பத்திரம், பட்டா, வரைபடம் முதலியவற்றை அரசாங்கத்தின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் சேர்த்து, உரிய கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். முன்கூட்டி மனையைப் பார்வையிட உத்தியோகஸ்தர் எவரும் வருவதில்லை. வீடு முடிந்தபின் பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை.

இங்கேதான் அங்கத்தினர்கள் நிதானிக்க வேண்டும். முன்பு அதிகாரி வந்து பார்த்துச் சொல்லிய குறைகளை இனி வீட்டுக்காரரே கண்டறிய வேண்டும். பிறர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவது எத்தகைய பொறுப்பு என்பதைச் சங்கத்தில் பழகியவர்கள் நன்கறிவார்கள். சுயசான்றும் அவ்வாறே ஒரு ஜாமீன். தம் வீட்டிற்குத் தாமே நிற்கும் ஜாமீன். அதில் கூறிய விவரம் பொய்யெனத் தெரியவந்தால் அனுமதி ரத்தாகக்கூடும். விவரம் மெய்யாயிருந்தும் வேலை பழுதாயிருந்தால் நஷ்டம் குடியிருப்போரையே சாரும்.

ஆதலின் கையெழுத்திடுமுன் நான்கு சங்கதிகளை ஆராய்தல் நலம்.

முதலாவது, மனை. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யலாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் தடை விதித்தது. அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தனி விதிகள் வந்தன. தோட்டத்தைக் கூறுபோட்டு விற்போரின் வாய்மொழியை நம்பாமல், மனைப்பிரிவின் அங்கீகார உத்தரவை நேரில் பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நீர். பவானி நகரம் இரு நதிகள் கூடுமிடம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேட்டூர், பவானிசாகர் ஆகிய இரு அணைகளிலிருந்தும் உபரிநீர் வந்தபோது கரையோரத்துத் தாழ்ந்த வீடுகளில் வெள்ளம் புகுந்தது. இணையதளம் பத்திரத்தைப் பார்க்குமேயன்றி வெள்ளத்தின் மட்டத்தைப் பாராது. அந்த வெள்ளம் எதுவரை ஏறிற்றென்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டறிந்து, வீட்டின் தளத்தை அதற்கு மேலாக அமைக்க வேண்டும். ஆற்றங்கரை, ஓடை, காலிங்கராயன் வாய்க்கால் கரை ஆகிய புறம்போக்குகளில் ஓர் அடியேனும் புகுதல் கூடாது.

மூன்றாவது, அஸ்திவாரம். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவர் வெடிக்கும். பொறியாளர் ஒருவர் மண்ணைப் பார்த்தபின்பே ஆழத்தை முடிவு செய்தல் வேண்டும். ஜமக்காளம் நெய்யும் குடும்பங்கள் குழித்தறிக்கான பள்ளத்தைச் சுவரையொட்டித் தோண்டினால் அஸ்திவாரத்தின் அடிமண் நெகிழும். ஆதலால் தறிக்குழியின் இடத்தையும் வரைபடத்திலேயே குறித்துச் சுவரினின்று தள்ளி அமைப்பது உத்தமம்.

நான்காவது, உபயோகம். இச்சலுகை குடியிருப்புக்கு மாத்திரமே உரியது. கடை, கிடங்கு, விசைத்தறிக் கொட்டகை ஆகியவற்றிற்கு வழக்கமான முறையிலேயே அனுமதி பெறவேண்டும். வீடென்று அனுமதி பெற்றுக் கிடங்காக்கினால், சுமை தாங்காமல் தளம் பழுதுறுவதோடு அனுமதிக்கும் கேடு வரும்.

இவ்விஷயத்தில் சங்கங்கள் செய்யத்தக்க உதவி பெரிது. மாதக் கூட்டத்தில் இவ்விதிகளைப் படித்துக் காட்டலாம். விண்ணப்பிக்க விரும்பும் அங்கத்தினரின் பத்திரத்தையும் பட்டாவையும் விஷயம் தெரிந்த இருவர் முன்னதாகப் பார்வையிட்டு, சர்வே எண்ணும் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று சொல்லலாம். பலர் சேர்ந்து ஒரு பொறியாளரை அமர்த்திக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையும். அனுமதி ஒரு நாளில் கிடைத்துவிடும். வீடோ மக்கள் பேரன் காலம்வரை நிற்க வேண்டியது. அதிகாரியின் பார்வை நீங்கிய இடத்தில் அங்கத்தினர்களின் பரஸ்பரப் பார்வை நிற்குமாயின், இப்புதிய முறையால் நன்மையே விளையும்.