உங்களுக்குத் தெரியுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் யாழ்ப்பாணத்தில் இல்லை! அது இருப்பது கிளிநொச்சி அறிவியல்நகரில். பெயரை நம்பி யாழ்ப்பாணத்தில் போய் இறங்கும் புது மாணவர், வந்த ஏ-9 வீதியிலேயே அறுபது கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வர வேண்டும்.

• விவசாய பீடமும் இங்கேதான். 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பியது. வன்னிச் சனத்தின் கதையேதான்.

• 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதற்கும் சனத்தொகை 1,13,510. இலங்கையில் இதைவிடக் குறைவு மன்னாரிலும் பக்கத்து முல்லைத்தீவிலும் மட்டுமே; முல்லைத்தீவில் 92,238.

• ஊரின் வருமானம் படிப்பை மட்டும் நம்பியில்லை. பெரிய ஆடைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. வேலைக்கு வருவோரில் பெரும்பாலானோர் சுற்றுக் கிராமத்துப் பெண்கள். வேலை விடும் நேரம், வாசலில் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். மற்றப்படி வயல்தான், அதற்கு இரணைமடுக்குளம். குளம் நிரம்பாத வருடம் சிறுபோக விதைப்புப் பரப்பும் சுருங்கிவிடும்.

• பட்டம் வேண்டாம், கைத்தொழில் போதும் என்பவருக்கும் இடமுண்டு. ஜேர்மன் உதவியுடன் 2016இல் திறந்த தொழிற்பயிற்சி நிறுவனமும் இதே ஊரில்தான்.

• பொறியியல் பீடத்தில் பாடம் ஆங்கிலத்தில். தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவர் தமிழைப் பழகுவது பெரும்பாலும் வகுப்புக்கு வெளியே, சாப்பாட்டுக் கடையில். முதலில் வாயில் வருவது ‘அண்ணை, ஒரு பிளேன்ரீ’!