மதுரைக்குப் போனா என்ன வாங்கிட்டு வரலாம்? ரஷ்யப் பொம்மை சொல்லித்தரும் ஷாப்பிங் பாடம்!

'மதுரைக்குப் போறேன்'னு ஸ்டேட்டஸ் போட்டுப் பாருங்கள். 'வரும்போது ஏதாவது வாங்கிட்டு வா' என்று அடுத்த நிமிஷமே நாலு மெசேஜ் வந்து விழும். அந்த 'ஏதாவது'தான் பிரச்னை. கோயிலைச் சுற்றிவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கண்ணில் பட்ட கடையில் ஒரு கீ செயின், ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட். ஊருக்கு வந்து பார்த்தால், அதே கீ செயின் உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரிலும் தொங்கிக்கொண்டிருக்கும்.

இது மதுரைக்கு மட்டுமான சிக்கல் இல்லை. ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது, பெட்டியில் கட்டாயம் இருப்பது ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மாத்ரியோஷ்கா பொம்மை. அது பல நூற்றாண்டுப் பழமையானது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது 1890களில் பிறந்தது. வாசிலி ஸ்வியோஸ்டோச்கின் என்ற கைவினைஞர் மரத்தைக் கடைந்து கொடுக்க, செர்கெய் மல்யூதின் என்ற ஓவியர் வண்ணம் தீட்டினார். முதல் செட்டில் எட்டு பொம்மைகள். 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய பிறகுதான் உலகம் முழுக்கப் பிரபலமானது.

இன்றைக்கு அங்கேயும் ரெண்டு வகை உண்டு. ஓவியர் கையால் வரைந்தது ஒன்று. அச்சடித்து ஒட்டிய மலிவுப் பொம்மை இன்னொன்று. விவரம் தெரிந்தவர்கள் பொம்மையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் சீராகப் பொருந்துகிறதா, கடைசிக் குட்டிப் பொம்மையின் முகம் வரை கவனமாக வரைந்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். பழமையை வைத்து அவர்கள் மதிப்புப் போடுவதில்லை. யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதுதான் கணக்கு.

அதே கண்ணோடு மதுரைக் கடைவீதிக்கு வருவோம்.

சுங்குடி: பெயர் ஒன்று, சரக்கு வேறு வேறு

மதுரை என்றதும் முதலில் ஞாபகம் வருவது சுங்குடிச் சேலை. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புலம்பெயர்ந்து வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் தங்கிய சௌராஷ்டிர மக்களின் கைவேலை இது. 2005-ல் 'மதுரை சுங்குடி'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதன் செய்முறை கேட்க ஈஸி, செய்யத்தான் விரல் ஒடியும். வெள்ளைப் பருத்தித் துணியை விரல் நுனியில் சிறிது சிறிதாகக் கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போட வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் அவிழ்த்தால், அடர்ந்த நிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் நட்சத்திரம்போல மின்னும். நெருக்கமான டிசைன் என்றால் ஒரே சேலையில் 20,000 முடிச்சுகள் வரைகூடப் போகும். பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள், சமையல், பிள்ளைகள் என்று மற்ற வேலைகளுக்கு நடுவே போடும் முடிச்சுகள் இவை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 'சுங்குடி' என்ற பெயரில் இன்று கடைகளில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி முடிச்சுப் போட்டதே இல்லை. மெழுகு அச்சு வைத்துச் சாயமேற்றியது ஒரு வகை, ஸ்க்ரீன் பிரின்ட் போட்டது இன்னொரு வகை. பிரின்ட் சேலையே தப்பு என்று சொல்ல வரவில்லை. அதற்கும் உழைப்பு உண்டு. வெயிலுக்கு இதமாக இருக்கும், விலையும் கைக்கு அடக்கம். தினசரி உடுத்த அது போதும். ஆனால், முடிச்சுச் சுங்குடி என்று நினைத்து அதற்குரிய விலையைக் கொடுத்துப் பிரின்ட்டை வாங்கினால், நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை. நாள்கணக்கில் உட்கார்ந்து முடிச்சுப் போட்ட பெண்ணுக்குப் போக வேண்டிய காசும் போகவில்லை என்று அர்த்தம். கூலி கட்டுப்படியாகாமல் பலரும் இந்த வேலையை விட்டுவிட்டார்கள். அடுத்த தலைமுறை இதைக் கற்றுக்கொள்ளத் தயங்குவதற்கும் அதுவே காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு வழிகள்:

* புள்ளியைப் பாருங்கள். கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும், இன்னொன்று சற்றுப் பெரிதாக இருக்கும். எல்லாம் அச்சு அசலாக ஒரே அளவில் இருந்தால் அது பிரின்ட்.
* தடவிப் பாருங்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி, குட்டியாக மேலெழும்பி நிற்கும். நன்றாக இஸ்திரி போட்ட சேலையில் மட்டும் இது அவ்வளவாகத் தெரியாது.
* திருப்பிப் பாருங்கள். சாயத்தில் முக்கிய துணிக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான். ஸ்க்ரீன் பிரின்ட்டில் பின்பக்கம் வெளிறிப்போய் இருக்கும்.
* வாய்விட்டுக் கேளுங்கள். 'அண்ணே, இது முடிச்சுப் போட்டதா, பிரின்ட்டா?' என்று நேராகக் கேட்டாலே பல கடைக்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ரெண்டையும் பக்கத்தில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

சேலை வாங்க பட்ஜெட் இல்லையா? முடிச்சுப் போட்ட துப்பட்டா, ஸ்டோல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முதல் சில முறை தனியாக, உப்புப் போட்ட தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பரிசாகக் கொடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

மேல மாசி வீதியில் ஒரு கதர்த் துண்டு

பட்ஜெட் இன்னும் குறைவு, ஆனால் கொடுக்கும் பொருளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டும் என்பவர்கள் மேல மாசி வீதிக்குப் போகலாம். 1921 செப்டம்பரில் மதுரை வந்த காந்தி தங்கியது இந்த வீதியில் இருக்கும் ஒரு வீட்டில்தான். செப்டம்பர் 22 அன்று காலை, வழக்கமான உடையை விட்டுவிட்டு, ஏழை விவசாயியைப்போல முழங்கால் அளவு வேட்டியோடு வெளியே வந்தார். உலகம் இன்று காந்தி என்றாலே நினைக்கும் தோற்றம், மதுரையில் தொடங்கியது.

அந்தக் கட்டடத்தில் கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது. அங்கே ஒரு துண்டோ, நாலு கைக்குட்டையோ வாங்குங்கள். கதர் எந்த ஊரிலும் கிடைக்கும்தான். ஆனால், 'காந்தி சட்டையைக் கழற்றிய வீட்டில் வாங்கினது' என்று சொல்லிக் கொடுக்க மதுரையை விட்டால் வேறு ஊர் கிடையாது.

விளாச்சேரியிலிருந்து கொலுப்படிக்கு

திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கிறது விளாச்சேரி. தெருவுக்குள் நுழைந்தாலே வீட்டு வாசல்களில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கிறிஸ்துமஸுக்குக் குடில் சொரூபங்கள் என்று வருஷம் முழுக்க ஒரே ஊரில், அதே கைகளில் எல்லாச் சாமிகளும் உருவாகிறார்கள்.

இங்கே நேரில் போவதில் ரெண்டு லாபம். ஒன்று, செய்பவரிடமே காசைக் கொடுக்கலாம். இரண்டு, பொம்மை எதனால் ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். களிமண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்று மூன்றுக்கும் எடையும் உறுதியும் வேறு. ரயிலிலோ விமானத்திலோ தூரப் பயணம் என்றால் காகிதக்கூழ் பொம்மை நல்லது. எடை குறைவு, சட்டென்று உடையாது. சுட்ட களிமண் பொம்மை என்றால் துணிகளுக்கு நடுவே சுற்றி, பெட்டியின் மையத்தில் வையுங்கள்.

கொலு வைக்கும் நண்பருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. ரஷ்யாவிலிருந்து வந்த மாத்ரியோஷ்காவுக்கும் நம் கொலுப்படியில் இடம் கொடுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பக்கத்தில் விளாச்சேரிச் செட்டியார் பொம்மை ஒன்று இருந்தால் பேச்சுத்துணைக்கு ஆகும்!

மல்லி: ஒரு ராத்திரி பரிசு, ஒரு வருஷப் பரிசு

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த இதழ், நீளமான காம்பு, நின்று வீசும் வாசம் ஆகியவைதான் இதன் அடையாளம். ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய், மலர்ந்த பூவாக இல்லாமல் மொட்டாக வாங்குங்கள். காலையில் பறித்த மொட்டு சாயங்காலம்தான் விரியும். ஈரத்துணியிலோ வாழையிலையிலோ சுற்றினால் இரவு ரயில் தாங்கும். தண்ணீரைக் கொட்டி நனைக்கக் கூடாது, அழுகிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்து குறையும். முகூர்த்த நாளும் சேர்ந்துவிட்டால் கிலோ ஆயிரக்கணக்கில் எகிறும். அந்த நேரத்தில் முழக்கணக்கோடு நிறுத்திக்கொள்வது பர்ஸுக்கு நல்லது.

பூ மறுநாள் வாடிவிடும். வாடாத பரிசு வேண்டும் என்றால் மல்லி நாற்று வாங்குங்கள். மதுரைத் தோட்டங்களுக்கே நாற்றுகள் ராமநாதபுரம் மாவட்டத்தின் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதனால், 'எந்த ஊர் நாற்று?' என்று நர்சரியில் கேட்டு வாங்குங்கள். மாடியில் நல்ல வெயில் படுகிற இடம் இருந்தால் ஒரு தொட்டி போதும். மண்ணும் தண்ணீரும் மாறும்போது மதுரையின் அதே வாசம் அப்படியே வந்துவிடாது. ஆனாலும், பூக்கும்போதெல்லாம் கொடுத்தவர் ஞாபகம் வரும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

மதுரையைச் சுற்றி ரெண்டு மணி நேரப் பயணத்துக்குள் பொக்கிஷங்கள் இருக்கின்றன.

* மானாமதுரை: கச்சேரிகளில் வாசிக்கும் கடம் இங்கே செய்யப்படுகிறது. மண்ணைத் தட்டித் தட்டி, சுவர் ஒரே கனத்துக்கு வரும்வரை ஆயிரக்கணக்கான முறை அடிப்பார்கள். அப்போதுதான் சுருதி நிற்கும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இசை தெரிந்த நண்பர் என்றால், அவருக்கு எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் பானையோ, அகல் விளக்கோ போதும்.
* திண்டுக்கல்: 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. மாங்காய் வடிவப் பூட்டு ரொம்பப் பிரபலம். புது வீடு கட்டிய நண்பருக்கு இன்னொரு சுவர்க்கடிகாரம் கொடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.
* காரைக்குடி: கண்டாங்கிச் சேலை, பனை ஓலையில் பின்னிய செட்டிநாடு கொட்டான். கொட்டானில் எடையே இல்லை, உடையவும் உடையாது. பயணத்துக்கென்றே செய்த பரிசு.
* ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவா. வாங்கும்போதே எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுவிடுங்கள். பையில் ஒரு வாரம் வைத்துவிட்டுப் பரிசாகக் கொடுத்தால் நட்பே கெட்டுப்போகும்.

இதையெல்லாம் தொடாதீர்கள்

'நூறு வருஷப் பழைய சிலை சார், வீட்டிலிருந்து வந்தது' என்று யாராவது காதோரம் சொன்னால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 100 ஆண்டுகளுக்கு மேல் பழமையான சிற்பம், கலைப்பொருள்களை விற்க உரிமம் வேண்டும்; தனியார் அவற்றை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அப்படிச் சொல்கிறது. புதிதாகச் செய்த பித்தளைச் சிலை வாங்கினாலும் பில் வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் அதுதான் காப்பாற்றும்.

மதுரையிலிருந்து அப்படியே ராமேஸ்வரம் போகிறவர்கள் பவளப்பாறைத் துண்டுகளை எடுக்கவோ, வாங்கவோ வேண்டாம். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வெளிநாட்டு நண்பருக்கு மயிலிறகு கொடுத்து அனுப்புவதும் சிக்கல்தான். அதை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. பல நாடுகள் செடி, பூ, பால் இனிப்புகளை உள்ளே விடுவதில்லை. அவர்களுக்குத் துணியும் கொட்டானும்தான் சேஃப்.

காசு கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்

எதை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். இதை யார் செய்தது? எப்படிச் செய்தது? இந்த ஊரை விட்டால் வேறு எங்கும் இதே மாதிரி கிடைக்குமா? கடைக்காரர் மூன்றுக்கும் பதில் சொன்னால், தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லையென்றால், அந்தக் காசுக்கு இன்னொரு ஜிகர்தண்டா குடித்துவிடலாம்.

வாங்கியபின் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. ஒரு துண்டுச்சீட்டில் 'முடிச்சுப் போட்ட சுங்குடி, மதுரை' என்றோ, 'விளாச்சேரியில் வாங்கியது' என்றோ தேதியோடு எழுதிப் பொருளோடு வைத்துக் கொடுங்கள். செய்தவரின் பெயர் தெரிந்தால், அவர் சம்மதத்தோடு அதையும் எழுதுங்கள். வாங்கியவர் அடுத்தமுறை மதுரைக்கு வரும்போது, தேடிப்போக அவருக்கு ஒரு முகவரி இருக்கும்.