இயந்திரம் படிக்கும் கையேடு

களப் பணியாளர் ஒருவர் பஞ்சாபின் கோதுமை வயலொன்றில் நின்று, மஞ்சள் துரு நோய் கண்ட இலையைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறார் எனக் கொள்க. அப்படத்தை ஆராய்ந்து முடிவு கூறும் வேலை செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. முகவர் என்பது, இட்ட பணியைப் பல படிகளாகப் பிரித்து, வேண்டிய மென்பொருட் கருவிகளைத் தானே தேர்ந்து இயக்கும் கணிப்பொறி நிரலாகும். அது முதலில் நாடுவது, படக் கோப்பைத் திறந்து எண்களாக மாற்றித் தரும் சிறு கருவியை. எளிய வேலைதான், ஆயினும் பிழை நுழையும் வாயிலும் அதுவே.

அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்ட படத்தில் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. பைத்தான் மொழியில் வழங்கும் பில்லோ என்னும் தொகுப்பு சிவப்பை முதலில் வைக்கிறது. 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்சிவியின் ‘இம்ரீட்’ கருவியோ நீலத்தை முதலில் வைத்துச் சிவப்பை இறுதியில் தருகிறது. அக்காலத்தில் அவ்வரிசை பரவலாக இருந்தது; பின்னர் அதுவே நிலைத்துவிட்டது.

இவ்வேற்றுமையை அறியாமல் ஒன்றின் எண்களை மற்றதன் முறையில் படித்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறும். இலையின் பச்சை பெரிதும் மாறாது. துருவின் மஞ்சளோ வான நீலமாகிவிடும். படத்தைக் கண்ணால் காணும் மனிதர் நீலத் துருவைக் கண்டு சிரித்துவிட்டுத் தவற்றைத் திருத்துவார். எண்களை மட்டும் கணக்கிடும் முகவர் மஞ்சள் புள்ளிகளைத் தேடும், காணாது, நோயில்லை என்று அறிக்கை எழுதிவிடும். மருந்து தெளிக்க வேண்டிய நாட்கள் அவ்வறிக்கையை நம்பிக் கழிந்துபோகும்.

தோல்வியை அறிவிக்கும் முறையும் கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. கோப்பு இல்லாவிடினும் ‘இம்ரீட்’ பிழை எழுப்பி நிற்பதில்லை. பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்னும் வெறும் விடையைத் தந்து அமைகிறது. பில்லோ பிழை எழுப்பும். ஆனால் திறக்கும்போது அது கோப்பின் தலைப்பகுதியை மட்டுமே படிக்கிறது. புள்ளிகளைப் பின்னர் தேவைப்படும்போதே படிக்கிறது. அலைத்தொடர்பு குன்றிய சிற்றூரிலிருந்து பாதியளவே வந்து சேர்ந்த படமும் முதலில் நலமாகத் திறந்ததுபோல் தோன்றக்கூடும் என்பதைக் களப் பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தால், பல வேளைகளில் படம் சாய்ந்தபடியே பதிவாகி, அதை எவ்வாறு நிமிர்த்துவது என்பது 1 முதல் 8 வரையுள்ள ஓர் எண்ணாகக் கோப்பினுள் எழுதப்படுகிறது. ‘இம்ரீட்’ வழக்கமாக அக்குறிப்பின்படி திருப்பித் தருகிறது. பில்லோ, தனியே கேட்டாலன்றித் திருப்புவதில்லை. இலையைப் பார்ப்பதற்கு இதனால் கேடில்லை. அணையின் நீர்மட்ட அளவுகோலைப் படிப்பதற்குக் கேடுண்டு.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், சொற்களாலான விளக்கத்தையும், ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பையும் முகவருக்கு அறிவிக்கலாம். கருவியைத் தேர்வதற்கு முன் முகவர் படிப்பது பெரும்பாலும் இவ்வளவே. ‘படத்தைத் திறக்கும்’ என்ற ஒருவரி விளக்கம், அருகிலிருப்பவரைக் கேட்டறியும் மனிதருக்குப் போதும். கேட்க ஆளில்லாத முகவருக்குப் போதாது. பின்வருமாறு எழுதலாம்: “கோப்பின் முகவரியைப் பெற்று, படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் வரிசையில், 0 முதல் 255 வரையுள்ள எண்களாகத் தரும். அளவில் உயரம் முதலிலும் அகலம் அடுத்தும் வரும். திசைக் குறிப்பின்படி நிமிர்த்திய பின்னரே தரும். கோப்பு இல்லையாயினும், குறைபட்டிருப்பினும் பிழைச் செய்தி மட்டும் தரும். அப்போது படத்தை மீண்டும் அனுப்பக் கோருக.”

இதற்கு மேல் நீட்டுவதும் நன்றன்று. முகவர் ஒரு வேளையில் மனத்திற்கொள்ளும் எழுத்துக்கு எல்லையுண்டு. கருவியின் வரலாற்றையும் புகழுரையையும் அதனுள் அடைப்பது வீண். ஆனால் படத்திற்குள் காணப்படும் எழுத்தைக் கட்டளையாகக் கொள்ளலாகாது என்ற ஒரு வரியைச் சேர்ப்பது தகும். விளம்பரப் பலகையில் எழுதியிருப்பதை மேலதிகாரியின் ஆணையென முகவர் மயங்கிய செய்கை நகைப்புக்கு மட்டும் உரியதன்று.

கையேட்டுடன் ஒரு சோதனைப் படத்தையும் இணைப்பது நலம். பள்ளி ஆசிரியர் இதனை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்: இடப்பாதி முழுச் சிவப்பாகவும் வலப்பாதி முழு நீலமாகவும் உள்ள சிறு படத்தைப் பிஎன்ஜி வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம், சுருக்கும்போது எண்களைச் சிறிது மாற்றிவிடும் ஆகையால் இதற்கு ஏற்றதன்று. இடப்பக்க மேல்மூலைப் புள்ளியின் எண்கள் 255, 0, 0 என வந்தால் சிவப்பு முதலில் உள்ளது. 0, 0, 255 என வந்தால் நீலம் முதலில் உள்ளது. முகவர் பணி தொடங்குமுன் இப்படத்தைத் திறந்து பார்க்குமாறு கையேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம்.