விழாத மெயில் சர்வர்

2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலை எங்கள் முத்தியால்பேட்டையில் யாரும் மறக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் உங்கள் இன்டர்வியூ கடிதம் மெயிலில் வந்தால்?

இரண்டு சர்வர்களை ஜோடி சேர்ப்பதே கிளஸ்டர். ஒன்று உழைக்கும், மற்றது அதன் 'இதயத்துடிப்பை'க் கேட்டுக்கிட்டே இருக்கும். துடிப்பு நின்றால் அதே ஐ.பி. முகவரியை இது ஏற்கும். இடையில் கேபிள் மட்டும் அறுந்தால்? 'அவன் போயிட்டான்' என்று இரண்டுமே ஒரே டிஸ்கில் எழுதும், கடிதங்கள் பாழ்! ஆகவே மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பொறுப்பேற்க வேண்டும்.

ஒரே கட்டடம் என்றால் புயலில் இரண்டும் படுத்துவிடும். என் யோசனை: வெளியூரில் இன்னொரு சர்வர். டி.என்.எஸ்.-ல் நம்மூருக்கு எம்.எக்ஸ். 10, அதற்கு 20. சிறிய எண்ணுக்கே முதல் உரிமை. நம்மூர் படுத்தால் கடிதம் அங்கே காத்திருந்து, கரண்ட் வந்ததும் பத்திரமா வந்து சேரும்.