கண் தாவும் வேகம்

சிறுமூளை நலிந்து, நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும் வரும் பரம்பரை நோய்கள் சில உண்டு. மும்பை நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா அப்படிப்பட்ட குடும்பங்களைப் பரிசோதித்தபோது கால்களோடு கண்களையும் கவனித்தார். இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார் என்றால் சட்டென்று தாவ வேண்டிய கண்கள் அவர்களுக்கு ஊர்ந்து போயின. இப்படி ஒன்பது குடும்பங்களைப் பற்றி அவரும் ஆர்.கே. சுவாமியும் 1971இல் ‘பிரெயின்’ ஆய்விதழில் எழுதினார்கள். இந்திய மருத்துவம் உலகுக்குக் கொடுத்த மிக நுட்பமான அவதானிப்புகளில் ஒன்று அது என்பேன்.

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் ஒரே சீராக நகரவில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. இதற்குச் சக்காட் என்று பெயர். பெரிய தாவலில் வேகம் விநாடிக்கு 400 டிகிரிக்கும் மேலே போகும். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் உள்ள சிறிய நரம்பணுக் கூட்டம் ஒரே மூச்சில் சரமாரியாகக் கட்டளை அனுப்பினால்தான் பக்கவாட்டில் இந்த வேகம் கிடைக்கும். வாடியா கண்ட நோயில் அந்த அணுக்கள் வெகு சீக்கிரமே அடிபடுகின்றன. நோயாளி தன்னை அறியாமலே கண் சிமிட்டியும் தலையைத் திருப்பியும் சமாளிக்கிறார்.

இந்நோய்க்குக் காரணமான மரபணு 1996இல் 12ஆவது குரோமோசோமில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துத் தொடர் பெரும்பாலோருக்கு 22 முறை வரும். 33ஐ எட்டினால் நோய். எஸ்.சி.ஏ.2 என்பது இந்நோயின் இன்றைய பெயர். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு.

இந்நோய் மிக அதிகமாக உள்ள கியூபாவின் ஓல்கின் மாகாணத்தில் லூயிஸ் வெலாஸ்கெஸ் பெரெஸ் குழுவினர் தாவல் வேகத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். மூன்றெழுத்துத் தொடர் நீள நீள வேகம் குறைவதை 2004இல் காட்டினார்கள். பின்னர், தள்ளாட்டமே தொடங்காத, மரபணுவை மட்டும் சுமப்பவர்களிடமும் வேகம் குறைந்திருந்தது தெரிந்தது. நோயைத் தள்ளிப்போடும் மருந்துகளைச் சோதிக்க இப்படியொரு முன்னளவு பெரிய உதவி.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. இதன் உறவுக்கார நோயான எஸ்.சி.ஏ.1 ஒரு தமிழ்ச் சமூகத்தில் மிகுதியாக இருப்பதை 2005இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழ் வெளியிட்டது. அதிலும் கண் மெதுவாகும். ஆனால் பெரும்பாலும் நோய் முற்றும்போதுதான்.

குன்றத்தூர் முருகன் கோயில் படியில் இறங்க முப்பது வயதுக்காரர் கைப்பிடியைத் தேடினாலோ, ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து வருபவரின் நாக்கு குழறினாலோ, “குடிச்சிருக்கான்” என்று முடித்துவிடுவது எளிது. அப்பா அம்மாவுக்கும் இப்படி இருந்ததா என்று ஒருவர் கேட்டால் போதும், வழி திறக்கும். கண்ணைப் பார்க்க மருத்துவருக்கு இரண்டு விரல் போதும். கண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. வேறு சில மூளை நோய்களிலும், தூக்க மருந்தாலும் தாவல் மெதுவாகலாம். உறுதி செய்ய மரபணுப் பரிசோதனை வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் அது உண்டு.

எனக்குக் கவலை வேறிடத்தில். நோயாளியின் நலமான பிள்ளைக்குக் கண் வேகத்தை அளப்பது, ஏறக்குறைய அவருடைய மரபணுவையே படிப்பதுதான். ரத்தம் எடுப்பதற்கு முன் சம்மதம் கேட்கும் நாம், கண்ணைப் பார்ப்பதற்குக் கேட்பதில்லை. ஒரகடம் தொழில் பட்டையில் வேலையில் சேருமுன் கண் பரிசோதனை சர்வசாதாரணம். கண் அசைவை அளக்கும் கேமராக்களும் மலிவாகி வருகின்றன. அவை அந்த வரிசைக்குள் நுழையக் கூடாது. நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் இல்லாத நிலையில், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அந்த இளைஞருக்கு உரிமை உண்டு. தெரிந்துகொள்ள விரும்பினால் மரபியல் ஆலோசனை முதலில், அளவெடுப்பது அதற்குப் பிறகு.