கட்டுரை ஆங்கிலமும் கடித ஆங்கிலமும்

சென்ற ஆண்டு எம் தம்பி கல்லூரியில் பொருளியல் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினான். நண்பனோடு உரையாடுவதுபோல் எழுதிவிட்டான். "டோன்ட்", "காண்ட்", "எ லாட் ஆஃப்" என்பன பக்கந்தோறும் மலிந்திருந்தன. பேராசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பினார். ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய யாம், திருத்தித் தர முன்வந்தோம். திருத்திய கட்டுரை முன்னிலும் குறைந்த மதிப்பெண்ணோடு மீண்டது! "இது விண்ணப்பம் அன்று, கட்டுரை" என்று ஓரத்தில் குறித்திருந்தார். பிழை தம்பியுடையதன்று, எம்முடையதே. அதன்பின் கற்றுத் தெளிந்ததை, எம்மைப்போல் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அன்பர்களுக்காக ஈண்டு எழுதுகின்றோம்.

தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறு என்பதை நாம் அறிவோம். "வந்துட்டான்" என்பது திண்ணைக்கு ஏற்கும். கட்டுரைக்கு "வந்துவிட்டான்" என்றே வேண்டும். ஆங்கிலத்திலோ வேற்றுமை பெரிதும் சொல் தேர்விலேயே தோன்றுகிறது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், கல்வி வழியே இலத்தீன் சொற்களும் அம்மொழியிற் பெருகின. ஆதலின் ஒரே பொருளுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் அவைச் சொல் ஒன்றுமாக அமைந்தன. "கெட்" என்பதற்கு "அப்டெயின்"; "ஆஸ்க்" என்பதற்கு "இன்குவையர்"; "லுக் இன்டு" என்பதற்கு "இன்வெஸ்டிகேட்".

கட்டுரையில் சுருக்கச் சொற்களை விரித்து எழுதுதல் வேண்டும். "விலை மிக ஏறிற்று" என்றால் போதாது. எந்த ஆண்டில், எத்தனை விழுக்காடு என்று கூறுதல் வேண்டும். முடிவு ஐயத்திற்கு இடமானதாயின் "மே", "அப்பியர்ஸ்" முதலிய சொற்களால் அளவோடு உரைத்தல் வேண்டும். பிறர் கருத்தாயின் அவர் பெயரையும் நூலின் ஆண்டையும் சுட்டுதல் கடமை.

ஆயினும் பருத்த சொற்களைக் குவிப்பது கட்டுரை நடை ஆகாது. யாம் வழுக்கியது இங்கேதான். "ஐ பெக் டு ஸ்டேட்" என்னும் அலுவலகப் பணிவு ஆராய்ச்சிக்கு உதவாது. சிறுசொல் போதுமிடத்தில் நெடுஞ்சொல் வேண்டா என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-இலேயே வற்புறுத்தினார். பிரிட்டிஷ் அரசு அலுவலரின் நடையைத் திருத்தவே எர்னெஸ்ட் கவர்ஸ் 1948-இல் "ப்ளெயின் வோர்ட்ஸ்" என்ற நூலை எழுதினார். அந்நூல் எம்மனோர்க்காகவே எழுதப்பட்டது போலும்!

"நான்", "நாம்" என்பன கட்டுரையில் வரவே கூடா என்பாரும் உளர். 1953-இல் டி.என்.ஏ.வின் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் கட்டுரை "நாங்கள்" என்றே தொடங்குகிறது. துறைக்குத் துறை வழக்கம் மாறும். ஆசிரியரைக் கேட்டறிந்து எழுதுவதே முறை.

மூன்றாம் முறை தம்பி தானே எழுதினான். யாம் செய்ததெல்லாம் அவன் உரக்கப் படிக்கக் கேட்டு, விளங்காத இடத்தில் "பொருள் என்ன?" என்று வினவியதே. கட்டுரை தேறியது. ஆங்கிலப் புலமை இல்லாத பெற்றோரும் இவ்வுதவியைச் செய்யலாம் அன்றோ?