பாதிச் சீட்டில் ஒரு முழுக் கச்சேரி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சாமி படமும் இல்லை, இயற்கைக் காட்சியும் இல்லை. ஓரம் கிழிந்த ஒரு கச்சேரி டிக்கெட்! "ஏங்க்கா, இதைப் போயா ஃபிரேம் போட்டு மாட்டுவாங்க?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருக்கிறோம். என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். மாமனார் காலமான பிறகு சென்னையிலிருந்து அத்தையை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். கூடவே ஒரு டிரங்குப் பெட்டியும் மலையேறியது. அதற்குள் ஒரு பிஸ்கட் டின். டின் நிறைய மாமனார் சேர்த்து வைத்த கச்சேரி டிக்கெட்டுகள். வாசலில் கிழித்துக்கொண்டு மீதி கொடுப்பார்களே, அந்தப் பாதிச் சீட்டுகள்.

நான் செய்த தப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மழைக்காலம் அந்த டின்னைத் திறந்தே பார்க்கவில்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். திறந்தபோது சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பூத்திருந்தன. மீதியை இராமபாணப் பூச்சி ருசி பார்த்திருந்தது. அவசரத்தில் கையாலேயே பிரித்தேன், கிழிந்தன. கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டினேன். அது இன்னும் மோசம்! டேப்பின் பசை நாளாக ஆகக் காகிதத்தில் ஊறி மஞ்சளாகிவிட்டது. முப்பதுக்கு மேல் இருந்ததில் தப்பியது ஒன்பதுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

'வெறும் துண்டுக் காகிதம்தானே' என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செட்டிநாட்டில் கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா. பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கியெறிந்ததையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக வைத்திருக்கிறார்கள். துண்டு நோட்டீசுக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா?

இப்போதெல்லாம் டிக்கெட் போனிலேயே வந்துவிடுகிறது. கச்சேரி முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதனாலோ என்னவோ, வெளிநாடுகளில் பழைய டிக்கெட் மாதிரியே பெரிதாக வரைந்து அச்சிட்ட படங்களை ஆசையாக வாங்கி மாட்டுகிறார்கள். இத்தனை பிரதிதான் என்று கணக்கு வைத்து, ஓரத்தில் பென்சிலால் 1/20, 2/20 என்று எண் போடுவார்களாம். நமக்கும் இது புதிதில்லை. பல வீடுகளில் இருக்கும் சங்கீத மும்மூர்த்திகள் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்த உருவங்களை வரைந்த எஸ். ராஜம் (1919-2010) தாமே பெரிய பாடகர். பாட்டைச் சுவரில் மாட்டி வைக்கிற ஆசை நமக்கும் உண்டு!

மிஞ்சிய ஒன்பதில் ஒன்றில் '1968' என்று மங்கலாகத் தெரிந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் தந்த வருஷம். அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவர்தான். இந்தச் சீட்டைத்தான் படமாக்குவது என்று முடிவு செய்தோம். வேலூரில் ஒரு ஸ்டூடியோவில் செய்து கொடுத்தார்கள். உங்களுக்கும் உதவும் என்பதால் விவரம் தருகிறேன்.

மூன்று அங்குலச் சீட்டைப் பன்னிரண்டு அங்குலமாகப் பெரிதாக்க வேண்டுமானால் 1200 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் எழுத்து தெளிவாக விழும். சாதாரணக் கலர் ஜெராக்ஸ் சீக்கிரம் வெளுத்துவிடும். பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையால் அச்சிட்டால் பல வருஷம் தாங்கும். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடையில் அட்டை வைத்து ஃபிரேம் போடுங்கள். ஈரம் ஊறும் சுவரும் வெயில் விழும் சுவரும் வேண்டாம்.

அசல் சீட்டைச் சுவரில் மாட்டவே கூடாது. லாமினேஷனும் கூடாது, அப்புறம் பிரிக்கவே முடியாது. அமிலமில்லாத காகித உறையில் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலமாரியில் வையுங்கள். பூச்சிக்கு, வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றைப் பொடித்துக் கொஞ்சம் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கலாம். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இப்படித்தான் செய்து வந்தார்கள். முடிச்சு காகிதத்தில் படாமல் ஓரமாக இருக்கட்டும்.

இனி அத்தை விஷயம். அவருக்குச் சில வருஷமாக ஞாபகம் தப்புகிறது. என் பெயர் மறந்துவிடும். "அவர் இன்னும் கச்சேரியிலிருந்து வரலியாம்மா?" என்று சாயங்காலமானால் மாமனாரைத் தேடுவார். பதில் சொல்லத் தெரியாமல் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

படம் மாட்டிய அன்று அத்தை அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என் சீட்டும்மா. ரெண்டுதான் கிடைச்சுது. என்னையும் சித்தியையும் உள்ளே அனுப்பிட்டு அவர் வெளியிலேயே நின்னார். திரும்பி வர்றப்போ, 'நல்லா கேட்டியா?'ன்னு கேட்டு இதை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்" என்றார். சொல்லிவிட்டு மெதுவாக ஏதோ ராகத்தை முணுமுணுத்தார். ஒரு இடம்கூடப் பிசகவில்லை.

கல்யாணமான புதிதில் நடந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத கதை! என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். பாட்டு, நினைவு மங்கியவர்களிடமும் நெடுநாள் தங்குவதுண்டு என்று டாக்டர் ஒருவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. அன்றிரவே அத்தை சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, ஃபிரேமின் பின்னால் உறை வைத்துப் போட்டேன். நல்லவேளை எழுதினேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, "யார் சீட்டு அது?" என்றார்.

மற்ற எட்டுச் சீட்டுகளுக்கும் கதை இருந்திருக்கும். கேட்கத் தவறிவிட்டோம்.

எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் மலையாளிப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ப் பாட்டுக்கு டிக்கெட்டே கிடையாதேம்மா, நாங்க எதை மாட்டுறது?" என்றாள். நியாயமான கேள்வி! இப்போது அவள் பாட்டி சாமை வயலில் பாடிய பாட்டுகளை அவளே போனில் பதிவு செய்கிறாள். யார் பாடியது, எந்த ஊர், எப்போது பாடுவது என்று நான் நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கும். இந்த வாரமே இறக்குங்கள். படம் போடுவது மெதுவாக நடக்கட்டும். முதலில் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். காகிதத்துக்கு வசம்பு இருக்கிறது. ஞாபகத்துக்கு நாம்தான் இருக்கிறோம்.